பழைய டிடெக்டரை மாத்தணுமா, இன்னும் ஓட்டலாமா? 600 பவுண்டு கேள்வி

உழவுச்சால் (எசெக்ஸ்):

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குதான் கேள்வியோட வரேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

என்கிட்ட இருக்கறது பதிமூணு வருஷ மெட்டல் டிடெக்டர், மண்ணுல பொதைஞ்ச உலோகத்தத் தேடற மெஷின். கம்பெனி பேரு வேணும்னேதான் போடல, போட்டா பிராண்டு சண்டையா போயிடும். ஆரம்ப லெவல் மாடல், ஒரே ஃப்ரீக்வென்சி, 6.5 கிலோஹெர்ட்ஸ், நாலு ஏஏ பேட்டரி, கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணோட சொந்த சத்தத்த ஒதுக்கற செட்டிங்) ஃபேக்டரியில வச்சதுதான், நாம தொட முடியாது. கோல்செஸ்டர் பக்கம் ஒரு விவசாயிகிட்ட அவரு நிலத்துல தேட எட்டு வருஷமா பெர்மிஷன் இருக்கு, 80 ஏக்கர் வரும், பாதி கோதுமை, மீதி ஆடு மேயற புல்வெளி. புல்வெளியோட ஒரு மூலையில முன்ன ஒரு பழைய வீடு இருந்துச்சாம். இப்ப அஸ்திவாரம்கூட கண்ணுல படாது, ஆனா மண்ணுக்குள்ள ஆணி, லாடம், கதவு கீலுன்னு ஒரே இரும்பு.

இத்தன வருஷத்துல கெடச்சது அஞ்சு வெள்ளிக் காசு, எல்லாம் காச சுத்தியலால அடிச்சு செஞ்ச காலத்துது, அதுல ஒண்ணு முதலாம் எட்வர்டு பென்னி. அப்புறம் ஈயக் குண்டு, பெல்ட் பக்கிள், விக்டோரியா காலத்து செப்புப் பென்னி, பட்டன் ஒரு டப்பா நிறைய. ஆனா கடைசி ரெண்டு சீசனா ஒண்ணுமே வரல. வீடு இருந்த மூலையில காலடி வச்சாலே மெஷின் இரும்பு இரும்புன்னு முனகுது, பத்து நிமிஷத்துல மனசு விட்டுப்போயி வயலுக்குத் திரும்பிடறேன்.

மல்டி ஃப்ரீக்வென்சி (ஒரே நேரத்துல பல ஃப்ரீக்வென்சியில கேக்கற) மெஷினுக்குன்னு 600 பவுண்டு எடுத்து வச்சிருக்கேன். நைட் ஷிப்ட் பாத்து சேத்த காசு. எனக்கு மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமதான் கெடைக்கும். மாத்தறது புத்திசாலித்தனமா, இல்ல வயலே காலியாயிடுச்சா?

பழங்காசு (லிங்கன்ஷயர்):

தம்பி, காச பையிலயே வச்சிக்கோ. நான் இருபது வருஷத்துக்கு மேல வயல்ல நடக்கறவன், இந்தக் கேள்விய வருஷத்துக்கு நாலு தடவ பாக்கறேன். கெடைக்காம போனதும் எல்லாரும் மொதல்ல மெஷினத்தான் சந்தேகப்படறாங்க, தான் எந்த எடத்துல நடக்கறோம், எவ்வளவு வேகமா வீசறோம்னு யாரும் யோசிக்கறதில்ல.

2009 ஜூலையில ஸ்டாஃபோர்ட்ஷயர்ல கெடச்ச ஆங்கிலோ சாக்சன் புதையல ஞாபகம் வச்சிக்கோ. தங்கம் மட்டுமே ஏறக்குறைய 4 கிலோ, மதிப்பு போட்டது 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. அத எடுத்தவரு கையில இருந்தது பழைய சாமான் சந்தையில ரெண்டரை பவுண்டுக்கு வாங்கின பழைய மெஷின்னு அப்ப எல்லாப் பேப்பரும் எழுதுச்சு. மண்ணுல பொருள் இருக்கணும், அதுமேல காயில் (மெஷினோட அடியில இருக்கற தட்டு) போகணும், அவ்வளவுதான்.

600 பவுண்டுக்கு என்ன பண்ணலாம்னு கேட்டா, ஒரு சின்ன டபுள் டி காயில் வாங்கு, 5க்கு 8 இஞ்ச் சைஸு, அதுக்கு இதுல ஒரு சின்ன பங்குதான் ஆகும். மிச்சத்த பெட்ரோலுக்கு வச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு விவசாயிங்க வீட்டுக் கதவத் தட்டு. புது பெர்மிஷன் குடுக்கறத எந்த மெஷினும் குடுக்காது.

ஆணிப்பலகை (கேம்பிரிட்ஜ்):

பழங்காசு அண்ணா, உங்க அனுபவத்து மேல ரொம்ப மரியாத இருக்கு, ஆனா இந்த ஸ்டாஃபோர்ட்ஷயர் கதைய ஒவ்வொரு தடவையும் சொல்றது ஆளுங்கள தப்பான பக்கம் கொண்டு போகுது. அது உழுத மேல்மண்ணுல செதறிக் கெடந்த தங்கம். அப்படிப்பட்ட எடத்துல எந்த மெஷின் போனாலும் கத்தும். அதே வருஷம் பழைய மெஷினோட நடந்து ஒண்ணுமே கெடைக்காம வீடு போன ஆயிரக்கணக்கான பேரப்பத்தி எந்தப் பேப்பர் எழுதுச்சு?

உழவுச்சால் ப்ரோவோட பிரச்சின ஆழம் இல்ல, எடமும் இல்ல, இரும்பு மறைப்பு. நான் எலக்ட்ரானிக்ஸ்தான் படிச்சேன், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். காயில் ஒரு காந்தப் புலத்த கீழ அனுப்புது, மண்ணுல இருக்கற உலோகத்துல அது ஒரு சுழல் மின்னோட்டத்த எழுப்புது, அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பற சின்ன புலத்த மெஷின் கேக்குது. வெள்ளின்னா எவ்வளவு தாமதமா வருது, இரும்புன்னா எப்படி வருதுன்னு அந்த நேர வித்தியாசத்த வச்சுதான் நம்பர் காட்டுது, டோன் குடுக்குது. இப்ப ஒரு ஆணியும் ஒரு வெள்ளிக் காசும் ரெண்டு விரல் இடைவெளியில கெடந்தா, பழைய மெஷின் ஆணிய கேட்டுட்டு, இது வேணாம்னு தள்ளிட்டு, மறுபடி காதைத் திறக்கறதுக்குள்ள காயில் காசையும் தாண்டிடும். ஊர்ல அம்மன் கோயில் கொடைக்கு மைக் செட்டு அலறிட்டு இருக்கறப்ப பக்கத்து மரத்துல குயில் கூவுனா கேக்குமா? பாட்டு மாத்தற அந்த ஒரு நொடியில கூவுனாத்தான் உண்டு. புது மெஷினுங்க மறுபடி காதைத் திறக்க எடுக்கற நேரம் ரொம்பச் சின்னது, அந்த இடைவெளியிலயே அது பல தடவ கேட்டுடும்.

இன்னொண்ணு ஃப்ரீக்வென்சி. 6.5 கிலோஹெர்ட்ஸுங்கறது பெரிய, நல்லா மின்சாரம் கடத்தற பொருளுக்கு அருமை. ஆனா இங்கிலாந்துல 1279க்கு முன்ன அரைப் பென்னி, கால் பென்னின்னு தனியா காசு பெருசா அடிக்கல, முழுப் பென்னிய கத்தரியால ரெண்டா நாலா வெட்டித்தான் செலவு பண்ணாங்க. கால் துண்டு ஒரு கிராம்ல மூணுல ஒரு பங்குதான் இருக்கும், காகிதம் மாதிரி மெலிசு. அதெல்லாம் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல போனாத்தான் தெளிவா பேசும். அந்த மூலை காலியாகல, இரும்புக்கு அடியில அப்படியே இருக்கு.

பழங்காசு (லிங்கன்ஷயர்):

படிப்ப மதிக்கறேன் தம்பி. ஆனா மண்ணு பாடப் புஸ்தகம் இல்ல. என் சேகரிப்புல வெட்டுன அரைப் பென்னி பதினொண்ணு இருக்கு, கால் துண்டு நாலு, எல்லாமே ஒரே ஃப்ரீக்வென்சி மெஷின்ல எடுத்தது. எப்படின்னா டிஸ்கிரிமினேஷன (இரும்ப மெஷினே ஒதுக்கற செட்டிங்) சுத்தமா எடுத்துடுவேன், எல்லா உலோகமும் பேசட்டும்னு விட்டுடுவேன். இரும்ப மெஷின் தள்ள வேண்டாம், நானே காதால தள்ளிக்கறேன். அப்ப நீ சொல்ற அந்த காதடைக்கற நேரமே கொறைஞ்சிடும். அதோட பாதி வேகத்துல வீசு. ஒரு வாட்டி கிழக்கு மேற்கா, ஒரு வாட்டி தெக்கு வடக்கா. ஆணிக்கு இந்தப் பக்கம் மறைஞ்ச காசு அந்தப் பக்கத்துலருந்து பாத்தா தெரியும்.

இது எதையும் பண்ணாம 600 பவுண்டு மெஷின வாங்குனா, 600 பவுண்டு மெஷின வேகமா வீசிட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வருவான்.

முகமாலையான் (கென்ட்):

வணக்கம். பழங்காசு அண்ணை சொல்லுறது எனக்கு நல்லா விளங்குது, அதால நானும் ஒரு விசயம் சொல்லுறன்.

நான் இலங்கை வடக்கில பளைப் பக்கம் பிறந்தனான். மெட்டல் டிடெக்டர் எண்ட சாமானை நான் முதல் கண்டது இஞ்சத்தைய வயலில இல்லை, சண்டை முடிஞ்சு ஊருக்குப் போகேக்க முகமாலையில. ஹலோ ட்ரஸ்ட் ஆக்கள் மிதிவெடி எடுத்துக்கொண்டு இருந்தவை, கனபேர் எங்கட ஊர்ப் பெண்டுகள், முகத்துக்கு கண்ணாடி மறைப்பு, நெஞ்சுக்கு கனமான கவசம், அந்த வெயிலில முழங்காலில இருந்து வேலை. ஒரு சிக்னல் கேட்டால் அது ஆணியோ, சன்னமோ (துவக்குக் குண்டு), வெடியோ எண்டு மெசினைக் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டினம், கையால மெல்ல மெல்ல வறண்டி எடுத்துக் கண்ணால பாத்தாப் பிறகுதான் அடுத்த அடி. ஒரு வாளி முழுக்க துருப்பிடிச்ச இரும்பு, அதுக்குள்ள ஒண்டு உயிரை எடுக்கிற சாமான். சில இடங்களில சன்னமும் ஷெல் துண்டும் கூடிப்போச்செண்டு டிடெக்டரை ஒரு பக்கம் வைச்சிட்டு ரேக்கால மண்ணையே வறண்டினவை.

அதைப் பாத்தவன் எண்டபடியால்தான் சொல்லுறன், இரும்பு நிறைஞ்ச நிலத்துக்கு மெசினை மாத்துறதை விட முறையை மாத்திறது முக்கியம். நான் இஞ்ச வந்து பொழுதுபோக்கா இதைத் தொடங்கேக்க எல்லாரும் சிரிச்சவை, நீ ஒரு மணித்தியாலத்தில ஒரு பாய் விரிக்கிற அளவு நிலந்தான் பாக்கிறாய் எண்டு. ஆனா மற்றவை ஒண்டும் இல்லை எண்டு விட்ட மூலையில எனக்கு கிடைச்சிருக்கு. தம்பி, அந்த வீட்டு மூலையில நாலு மூலைக்கும் குச்சி நட்டு, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சதுரம் மட்டும் எடுங்கோ. அதுக்குள்ள இருக்கிற ஆணி எல்லாத்தையும் கிண்டி வெளியால எடுங்கோ. எடுத்தாப் பிறகு திரும்ப ஒருக்கா பழைய மெசினால பாருங்கோ. பிறகு முடிவு எடுங்கோ.

ஆணிப்பலகை (கேம்பிரிட்ஜ்):

முகமாலையான் அண்ணா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியல. நன்றி.

ஆனா அங்க எடுத்தே ஆகணும், உயிர் விஷயம், நேரம் எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். இங்க இவருக்கு மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு. ஒரு ஏக்கருங்கறது ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர், நீங்க சொல்ற கணக்குல ஆயிரம் சதுரம். அதுவும் ஆடு மேயற புல்லு. ஆணிக்கெல்லாம் குழி போட்டா அந்த விவசாயி அடுத்த வாரமே பெர்மிஷன எடுத்துடுவாரு. எந்தக் குழிய தோண்டாம விடலாம்னு சொல்றதுதான் நல்ல மெஷினோட வேலையே.

முகமாலையான் (கென்ட்):

அது நியாயமான கதை. புல்லுத்தரை எண்டதை நான் யோசிக்கேல்ல. அப்ப ஒரு சதுரம் மட்டும் சோதனைக்கு எடுங்கோ, அதுவும் கமக்காரரிட்டைக் கேட்டுப்போட்டு.

கொலுசுமணி (நார்ஃபோக்):

நான் மாத்துன ஆளு, அதனால ரெண்டு பக்கமும் பேசறேன். க்ரேட் யார்மத் பீச்ல நடக்கறவ. ஈர மணல்ல உப்புத் தண்ணிக்கு பழைய ஒத்த ஃப்ரீக்வென்சி மெஷின் சும்மா சும்மா கத்தும், அலை வந்து போற எடத்துக்குப் பக்கத்துலயே போக முடியாது. மல்டி ஃப்ரீக்வென்சி வாங்குன அன்னிக்கு அந்த ஈர மணல்ல அது அமைதியா இருந்ததக் கேட்டு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பீச்சுக்கு போறவங்களுக்கு விவாதமே வேணாம், மாத்துங்க.

ஆனா வயலுக்கு அதே மெஷின எடுத்துட்டு போனப்ப மொத ஆறு மாசம் பழசுல கெடச்சதவிட கம்மியாத்தான் கெடச்சுது. பழைய மெஷினோட மூணு டோன் எனக்கு மனப்பாடம், எந்த டிங்கு காசு, எந்த டிங்கு டின் மூடின்னு காது தானா சொல்லும். புதுசுல அம்பது விதமா சத்தம் வருது, எத நம்பறது? ஒரு சீசன் முழுக்க எழுதி வச்சு எழுதி வச்சுதான் பழகினேன். வாங்கற அன்னிக்கே கெடைக்கும்னு நெனச்சு வாங்காதீங்க தம்பி.

இன்னொண்ணும் இருக்கு. தண்ணிக்குள்ள போலாம்னு சொல்லி வித்த ஒரு மெஷின் (பேர் வேண்டாம்) ரெண்டாவது வருஷம் உள்ள தண்ணி ஏறிப்போச்சு. வாரண்டியில மாத்திக் குடுத்தாங்க, ஆனா நல்ல சீசன்ல அஞ்சு வாரம் மெஷின் இல்லாம உக்காந்திருந்தேன். அன்னிக்கு என்னைக் காப்பாத்துனது அட்டப்பெட்டியில கெடந்த பழைய மெஷின்தான். எது வாங்குனாலும் பழச விக்காதீங்க.

செம்மண் (மெல்பேர்ன்):

தூரத்துலருந்து ஒரு கை போட்டுக்கறேன். எங்க ஊரு விக்டோரியா தங்க வயல். மைனர்ஸ் ரைட்டுன்னு ஒரு லைசென்ஸ் எடுத்துட்டு காட்டுக்குள்ள போறவன் நான். உங்க ரெண்டு கட்சியும் பேசாம விடற விஷயம் மண்ணு. இங்க இரும்புக்கல்லு கலந்த செம்மண்ணு, உழவுச்சால் வச்சிருக்கற மாதிரி கிரவுண்ட் பேலன்ஸ் தொட முடியாத மெஷின இங்க ஆன் பண்ணா மண்ணையே உலோகம்னு கத்தும். இங்க மாத்தறது ஆசை இல்ல, கட்டாயம். 2013ல பல்லாரட் பக்கம் ஒருத்தர் அஞ்சரை கிலோ தங்கக் கட்டி எடுத்தாரு, 60 சென்டிமீட்டர் ஆழத்துல, ஜிபிஎக்ஸ் 5000ங்கற பல்ஸ் இண்டக்ஷன் (காந்தப் புலத்த துடிப்பு துடிப்பா அனுப்பற) மெஷின்ல. எசெக்ஸ் வயலுக்கு வாங்கற மெஷின் அந்த ஆழத்துக்கு இந்த மண்ணுல கனவுல கூட போகாது.

அதே சமயம் 2023ல இதே விக்டோரியாவுல ஒருத்தர் 4.6 கிலோ கல்லு எடுத்தாரு, உள்ள 2.6 கிலோ தங்கம். அவரு கையில இருந்தது ஈக்வினாக்ஸ் 800, எங்க ஊருக்காரங்க பட்ஜெட் மெஷின்னு சொல்றது. அதனால விலையப் பாக்காதீங்க, உங்க மண்ணுக்கு உங்க மெஷின் சேருதான்னு பாருங்க. எசெக்ஸ் மண்ணு எங்களோடத விட சாது. பழசு மண்ணால தோக்கல, இரும்பாலதான் தோக்குது. இதுல நான் ஆணிப்பலகை கட்சி.

கொங்குக்காரன் (கோயம்புத்தூர்):

எல்லாம் படிக்க நல்லாருக்குங்க. நம்ம ஊர்ல நொய்யல் கரையில இத வச்சு நடந்தா தப்புங்களா? கொடுமணல் பக்கமெல்லாம் ரோமானியக் காசு கெடச்சதா படிச்சிருக்கேன், அதான் ஆச.

பழங்காசு (லிங்கன்ஷயர்):

வேண்டாம் தம்பி, அங்க எறங்கவே எறங்காத. 1878ல போட்ட புதையல் சட்டம் நம்ம நாட்டுல இன்னும் இருக்கு, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பழம் புதையல் எடுத்தா கலெக்டருக்கு சொல்லியாகணும். கொடுமணல் மாதிரி தொல்லியல் எடத்துல நாம ஒரு குழி போட்டா ஒரு மண் அடுக்கே போயிடும், அத திருப்பி யாராலயும் வைக்க முடியாது. அகழாய்வு நடக்கறப்ப போய் பாரு. இங்க எங்களுக்கே பாதுகாக்கப்பட்ட சின்னம்னு லிஸ்ட்ல இருக்கற எடத்துல அனுமதி இல்லாம டிடெக்டரோட கால் வைக்கக் கூடாது.

உழவுச்சால் (எசெக்ஸ்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு நாளா வேலைக்கு நடுவுல திரும்பத் திரும்ப படிச்சேன். நேத்து தோட்டத்துல ஒரு சோதன பண்ணேன், அத சொல்றேன்.

ஆணி அடிக்காத மர பெஞ்சு ஒண்ணு இருக்கு, அதுமேல என் எட்வர்டு பென்னிய வச்சேன். வயல்ல எடுத்த மூணு இஞ்ச் பழைய ஆணி, துரு ஏறி விரல் தடிமன் ஆனது, அத ரெண்டு இஞ்ச் தள்ளி படுக்க வச்சேன். காயில நாலு இஞ்ச் மேல பிடிச்சு எப்பவும் வீசற வேகத்துல வீசினேன். ஒண்ணுமில்ல, இரும்பு முனகல் மட்டும். டிஸ்கிரிமினேஷன் எடுத்துட்டு பாதி வேகத்துல வீசினா ஆணியோட நீளவாக்குல போறப்ப மட்டும் முனகலுக்கு நடுவுல ஒரு டிங்கு, பாதி டிங்கு. பழங்காசு அண்ணா சொன்னது அப்படியே நெஜம். ஆனா ஆணிய நகத்தி காசு மேலயே லேசா சாச்சு வச்சேன் பாருங்க, எந்தப் பக்கம் வீசினாலும் எந்த செட்டிங்லயும் காசு இல்லவே இல்ல. வெள்ளிக்காசு என் கண்ணு முன்னாடி இருக்கு, காதுக்கு அது இல்ல. எட்டு வருஷமா இப்படி எத்தன காசு மேல நடந்து போயிருப்பேன்னு நெனச்சப்ப வயித்த என்னமோ பண்ணுச்சு.

ஆணிப்பலகை (கேம்பிரிட்ஜ்):

இதத்தான் நான் சொல்லிட்டே இருக்கேன். அண்ணா, இதுக்கு என்ன சொல்றீங்க?

இன்னொண்ணும் யோசிங்க ப்ரோ. டெசோரோ கம்பெனி 2018ல மூடிட்டாங்க, ஆயுள் முழுக்க வாரண்டி குடுத்த கம்பெனி அது. ஒயிட்ஸ் 1950லருந்து இருந்த கம்பெனி, 2020ல மூடிட்டாங்க. பழைய மெஷினுக்கு இன்னிக்கு காயில் கெடைக்குது, நாளைக்கும் கெடைக்கும்னு நம்பி உக்கார முடியாது.

பழங்காசு (லிங்கன்ஷயர்):

ஆணி மேல சாஞ்ச காசுக்கு பெஞ்சு மேல பதில் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா உன் புது மெஷின் அதே ஆணிக்கடியில கேக்குமாங்கறத யாரும் இன்னும் காட்டல. அதோட கம்பெனி மூடறது புது மெஷினுக்கும் பொருந்தும். அதுல பேட்டரியே உள்ள அடைச்ச லித்தியம். என்னோடதுக்கு நாலு ஏஏ எந்த கிராமத்துக் கடையிலயும் கெடைக்கும்.

தம்பி உழவுச்சால், என்கிட்ட உன் மெஷினுக்குப் பொருந்தற சின்ன காயில் ஒண்ணு சும்மா கெடக்கு. தபால்ல அனுப்பறேன். உங்க கிளப்புல யார்கிட்டயாவது மல்டி ஃப்ரீக்வென்சி ஒரு நாள் கடன் வாங்கு. மூணையும் ஒரே நாள்ல ஒரே எடத்துல வச்சுப் பாரு. அப்புறம் எனக்கு பதில் எழுது. ஒரு கண்டிஷன், புது மெஷின் காட்டுனத மட்டும் பழசால பாக்காத, பழசு காட்டுனத புதுசாலயும் பாரு. இல்லைன்னா அது சோதன இல்ல.

உழவுச்சால் (எசெக்ஸ்):

ஞாயித்துக்கிழம முழுக்க அந்த மூலையிலதான் இருந்தேன். பழங்காசு அண்ணா அனுப்புன காயில் வியாழக்கிழமயே வந்துடுச்சு, எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. கிளப்புல ஒருத்தர் தன்னோட மெஷினக் குடுத்து கூடவே வந்து நின்னாரு. விவசாயி கிட்ட முன்னாடியே கேட்டு, ஆடு இல்லாத பக்கம் மட்டும் எடுத்தோம்.

மொதல்ல புது மெஷினால நடந்தோம். இரும்பு சத்தத்துக்கு நடுவுல ஏதாவது நல்ல டோன் எட்டிப்பாத்தா தோண்டாம ஒரு ஐஸ்க்ரீம் குச்சிய நட்டுட்டு அடுத்ததுக்குப் போனோம். ரெண்டு மணி நேரத்துல ஒம்பது குச்சி. அப்புறம் ஒவ்வொரு குச்சியிலயும் என் பழைய மெஷின், அதோட சொந்தக் காயில். அஞ்சு எடத்துல தெளிவா பேசுச்சு. சின்ன காயில மாட்டி, டிஸ்கிரிமினேஷன் இல்லாம, மெதுவா, ரெண்டு பக்கமும் வீசினா ஏழு. மிச்ச ரெண்டுல அங்க ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சு குனிஞ்சு கேட்டும் இரும்பு மட்டும்தான்.

அண்ணா சொன்ன மாதிரி திருப்பியும் பண்ணோம். பழசு காட்டுன நாலு நல்ல சிக்னல்ல குச்சி நட்டு புதுசால பாத்தோம். நாலையும் அது கேட்டுச்சு, ஆனா ஒண்ண சந்தேகமா இரும்புன்னுதான் சொல்லுச்சு, நம்பர் ஒரு எடத்துல நிக்காம குதிச்சுட்டே இருந்துச்சு. பழசு அதுக்கு மணி அடிச்ச மாதிரி டிங்குன்னுதான் சொன்னிச்சு. தோண்டினா லாடம்.

இப்ப குழிங்க. புல்ல லாட வடிவத்துல மூணு பக்கம் வெட்டி, கதவு மாதிரி தெறந்து, மண்ண துணியில போட்டு, கடைசியில அப்படியே மூடி மிதிச்சோம். அந்த ஒம்பதுல: ஈயத் துண்டு மூணு, பட்டன் ரெண்டு, செப்புப் பென்னி ஒண்ணு தேஞ்சு போனது, ஒரு சின்ன பக்கிள், ஒரு சுருட்டுன தகரம். கடைசி குச்சி, பழசு எப்படி வீசினாலும் கேக்காத ரெண்டுல ஒண்ணு. நாலு இஞ்ச் ஆழத்துல மொதல்ல ஆணி வந்துச்சு, தல உடைஞ்சது. ஆணி எடுத்த பள்ளத்தோட ஓரத்துல சாம்பல் நெறத்துல ஒரு விளிம்பு. விரலால மண்ண தள்ளுனேன். பாதி நிலா மாதிரி ஒரு துண்டு, ஒரு பக்கம் கத்தரியால வெட்டுன நேர்கோடு, இன்னொரு பக்கம் ரெட்டைக் கோட்டு சிலுவையோட ஒரு கை ஓரம் வரைக்கும் போகுது. மூணாம் ஹென்றி காலத்து நீளச் சிலுவ பென்னி, 1247க்கும் 1279க்கும் நடுவுல, பாதியா வெட்டுனது. உள்ளங்கையில வச்சா கனமே தெரியல. 750 வருஷத்துக்கு முன்ன அந்த வீட்டுல இருந்த யாரோ இத ரொட்டிக்கோ பீருக்கோன்னு எடுத்து வச்சிருப்பாங்க, வாசப்படியில தவறியிருக்கும், தேடியிருப்பாங்கன்னு நெனச்சுட்டே கொஞ்ச நேரம் அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன்.

கொலுசுமணி (நார்ஃபோக்):

எனக்கு கண்ணு கலங்கிடுச்சு தம்பி. கழுவும்போது தேய்க்காதீங்க, தண்ணியில ஊற வச்சு விட்டா போதும்.

பழங்காசு (லிங்கன்ஷயர்):

நேர்மையா பண்ணியிருக்க. ஒம்பதுல ரெண்டு, அதுல ஒண்ணு காசு. அந்த மூலைக்கு என் காயிலும் என் காதும் தோத்துடுச்சு, சரி. ஆனா அஞ்சா இருந்தது காயில் மாத்தி, செட்டிங் மாத்தி, மெதுவா வீசினப்ப ஏழாச்சுங்கறதையும் பாரு. கோதுமை வயலுக்கு நீ மாத்தணும்னு நான் இன்னமும் சொல்லமாட்டேன். அங்க இரும்பு கம்மி, ஒவ்வொரு உழவுக்கும் மண்ணு பொரண்டு புதுசா மேல வருது, அங்க நடக்கற நேரந்தான் கணக்கு.

ஆணிப்பலகை (கேம்பிரிட்ஜ்):

அண்ணா, நானும் ஒண்ணு ஒத்துக்கறேன். டிஸ்கிரிமினேஷன் இல்லாம மெதுவா வீசினா ரெண்டு கூடும்னு நான் எதிர்பாக்கல. சின்ன காயிலோட பங்கு எவ்வளவு, வேகத்தோட பங்கு எவ்வளவுன்னு தனித்தனியா பாக்கணும், என் ஆணிப் பலகையில (சோதனைக்கு ஆணி வச்ச பலகை) இந்த வாரம் பண்ணிப் பாக்கறேன். ஆனா கேட்டது மாத்தணுமாங்கறதுதான். மாசத்துக்கு ரெண்டு நாள் கெடைக்கறவருக்கு, வயலோட நல்ல எடமே இரும்பு மூலைன்னா, மாத்தணும்.

முகமாலையான் (கென்ட்):

தம்பி, வடிவான காசு. எந்த மெசினை எடுத்தாலும் அந்த ஐஸ்கிரீம் குச்சியை விட்டிடாதேங்கோ. குச்சி நட்டுப்போட்டு திரும்ப வந்து பாக்கிற பழக்கம் உங்களுக்கு வந்திட்டுது, அதுதான் எனக்கு சந்தோசம்.

உழவுச்சால் (எசெக்ஸ்):

முடிவு பண்ணிட்டேன். கிளப்புல ஒருத்தர் இன்னும் பெரிய மெஷினுக்கு போறாரு, தன்னோட ரெண்டு வருஷ மல்டி ஃப்ரீக்வென்சிய என் பட்ஜெட்ல பாதிக்கு கொஞ்சம் மேல குடுக்கறேன்னாரு, நேத்து அதுல கூடவே ஒரு மணி நேரம் நடந்து பாத்துட்டுதான் சரின்னேன். அது புல்வெளி மூலைக்கு. பழசு போகாது, கோதுமை வயலுக்கு அதேதான், பழங்காசு அண்ணா காயிலோட. அண்ணா, காயிலுக்கு என்ன தரணும்னு சொல்லுங்க.

அரைப் பென்னிய ஃபைண்ட்ஸ் லியசான் ஆபிசர்கிட்ட (கண்டெடுத்த பழம் பொருளப் பதிவு பண்ற அதிகாரி) பதிவு பண்ண அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கேன். ஒத்தக் காசு, அதனால சட்டப்படி ட்ரெஷர் (புதையல்) இல்ல, ஆனா அந்த வீட்டப்பத்தி வேற எந்த ஆதாரமும் இல்லைன்னு விவசாயி சொன்னாரு, அதனால எடம் சரியா பதிவாகணும். அதே மூலையில இன்னொண்ணு கெடச்சா?

பழங்காசு (லிங்கன்ஷயர்):

காயிலுக்கு ஒண்ணும் வேண்டாம், வச்சுக்கோ. இன்னொரு வெள்ளிக் காசு அதே எடத்துலருந்து வந்தா ரெண்டும் ஒண்ணா சிதறுனதான்னு கேள்வி வரும், 300 வருஷத்துக்கு மேல பழசான ரெண்டு வெள்ளிக் காசு ஒரே கண்டெடுப்புன்னா அது ட்ரெஷர்தான், 14 நாளுக்குள்ள கரோனருக்கு (புதையல விசாரிக்கற அதிகாரி) தெரியப்படுத்தணும். அங்கயே நிறுத்திட்டு ஆபிசருக்கு போன் போடு, மேல தோண்டாத. விவசாயிகிட்டயும் அன்னிக்கே சொல்லிடு, அவரு பங்கும் அதுல இருக்கு.

உழவுச்சால் (எசெக்ஸ்):

சரிண்ணா. வர்ற வியாழக்கிழம அறுவடை மெஷின் வருதாம், மழை இல்லைன்னா ஞாயித்துக்கிழம கோதுமை தாள் மேல நடக்கலாம்னு சொல்லியிருக்காரு. கென்ட்லருந்து முகமாலையான் அண்ணை வர்றதா இருந்தா சொல்லுங்க, விவசாயிகிட்ட உங்களுக்கும் சேத்து கேட்டு வைக்கறேன்.

முகமாலையான் (கென்ட்):

வாறன். குச்சியும் நான் கொண்டு வாறன்.